கொத்துக்காட்டில் இறங்கிய இரும்புக் கலப்பை

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பிகளே, இந்நேரம் உங்களுக்கு விவசாய இலாகாவில் ஒரு சைக்கிளும் ஒரு கைப்புத்தகமும் கொடுத்திருப்பார்கள். சைக்கிளை நம்பலாம். அது பஞ்சரானால் உடனே தெரிந்துவிடும். கைப்புத்தகம் பஞ்சரானது தெரிய ஒரு மழை வர வேண்டும்.

எனக்கு அந்த மழை வந்த கதையைச் சொல்கிறேன். நான் முழங்கால் தேய்ந்து, ஐம்பது நிறைவதற்குள் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிக்கொண்டவன். தைரியம் தேய்ந்து வந்தேன் என்று சொல்ல முடியாது. தேயும் அளவுக்கு அது என்னிடம் என்றைக்கும் இருந்ததில்லை. இலாகாவில் என்னைக் கோமாளி என்பார்கள். பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும், பேச்சு வந்தால் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது உலகச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் என்னைச் சித்தேரி மலைக்குப் போட்டார்கள். விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர், அதாவது செய்து காட்டுகிறவன். நான் செய்து காட்ட வேண்டியது ஒன்றே ஒன்று. மலைக்காரர்கள் நிலத்தை உழாமல், கையளவு களைக்கொத்தால் மண்ணைச் சுரண்டிவிட்டுச் சாமை விதைக்கிறார்கள், இரும்புக் கலப்பையால் ஆழ உழுதால் என்ன விளையும் என்று அவர்களுக்குக் காட்டு என்பது உத்தரவு. எனக்குத் துணையாகக் கொடுத்த மேஸ்திரி மலைக்காய்ச்சலுக்குப் பயந்து அரூரிலேயே நின்றுவிட்டார். முன்னால் போங்கள் சார், பின்னாலேயே வருகிறேன் என்றார். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

கம்பைநல்லூர்ச் சந்தையில் பிடித்த ஒரு ஜோடி மாட்டோடும், இரண்டு பேர் தூக்கிவந்த கலப்பையோடும் ஏறினேன். முன்பின் மலை பார்க்காத மாடுகள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கும். இலாகா உத்தரவு என்று நான் சொன்னால், நம்மைப் போலவே ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே நடக்கும்.

காட்டிலாகாக்காரர்கள் விட்டுப்போன ஒரு கொட்டகையில் குடியிருந்தேன். வானம் தெளிந்தால் அதன் வாசலிலிருந்து தீர்த்தமலை முகடு தெரியும். அதைத் தவிர வேறெதுவும் என்னை எட்டிப் பார்த்ததில்லை. நான் ஊருக்குள் நுழைந்தால் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்துவார்கள், வெளியே போனதும் மறுபடி ஆரம்பிப்பார்கள். யாரும் முகத்தைச் சுளித்ததில்லை. வாங்க சாமி என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. மனைவி கோயம்புத்தூரில் தாய் வீட்டில் இருந்தாள். மலையில் நடக்கும் வேடிக்கைகளைக் கடிதத்தில் எழுதி அனுப்புவேன். வயிறு வலிக்கச் சிரித்தேன் என்று அவள் பதில் வந்து சேரும்போது, எதற்குச் சிரித்தாள் என்பது எனக்கு மறந்திருக்கும்.

ஆகவே கலப்பையோடு பேச ஆரம்பித்தேன். முதலில் காலையில் ஒரு விசாரிப்பு, அவ்வளவுதான். பதினைந்து நாள் போனதும் சோற்றில் உப்பு சரியா என்று அதன் அபிப்பிராயத்தைக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் சிரிக்கலாம். உங்களையும் ஒருநாள் தனியாக எங்காவது போடுவார்கள்.

இனி நிலத்தைப் பற்றி. மலையில் சாய்வு குறைந்த நிலத்துக்கு உழவுக்காடு என்று பெயர். அங்கே மரக்கலப்பை ஓட்டுவார்கள். சாய்வு அதிகமான நிலம் கொத்துக்காடு. அங்கே ஏர் போகாது. போன வருஷத்துச் சாமைத் தாளை முழங்கால் உயரத்துக்கு அப்படியே விட்டுவைப்பார்கள். தலையளவு கல் காடெல்லாம் கிடக்கும், அதையும் பொறுக்குவதில்லை. தாளுக்கும் கல்லுக்கும் நடுவே கொத்தால் கீறி விதையைப் போட்டு மூடுவதோடு சரி. நான் அதைப் பார்த்துவிட்டுக் கொட்டகைக்கு வந்து, சோம்பேறித்தனம் என்று நோட்டில் குறித்துவைத்தேன். படுத்துக்கொண்டேதான் குறித்தேன்.

உழுது காட்ட யாரும் காடு தரவில்லை. கடைசியில் ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் ஒரு காட்டைக் கைகாட்டினார். அது அவர் தம்பி மனைவி வெள்ளையம்மாவின் கொத்துக்காடு. தம்பி காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சர்க்காரைப் பகைக்கக் கூடாது, ஆனால் சொந்தக் காட்டையும் கொடுக்கக் கூடாது. கேட்க ஆளில்லாதவள் காடுதான் அதற்குத் தோது. இது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தாலும் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டிருப்பேன்.

வெள்ளையம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். அவளுக்கு இருந்தது அந்த ஒரு காடு. அது விளையாவிட்டால் பிழைப்புக்கு மலையை விட்டுக் கீழே இறங்கியாக வேண்டும். அப்படி இறங்கிப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் காட்டில் பங்காளி கை வைத்திருப்பார். பங்காளி என்றால் இங்கே ஊர்க்கவுண்டரேதான். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னது இரண்டே வாக்கியம்.

"தண்ணிப்பாறைக்கு இந்தாண்ட பாதியில ஓட்டிக்குங்க சாமி. அந்தாண்டப் பாதியத் தொட்டுடாதீங்க."

தண்ணிப்பாறை என்பது காட்டின் நடுவே கிடந்த பெரிய பாறை. முழுக் காட்டையும் கொடுத்தால் இரண்டு மடங்கு விளையுமே என்று கேட்டேன்.

"நீங்க போயிடுவீங்க. நான் இங்கதான இருக்கணும்."

கலப்பை முதல் உழவுச்சாலிலேயே கல்லில் முட்டி, கைப்பிடி என் விலாவில் இடித்தது. கல்லைப் பொறுக்கினேன். எட்டு நாள் பொறுக்கினேன். தாளை எரித்தேன். பொறுக்கிய கல்லையெல்லாம் காட்டின் கீழ் ஓரத்தில் சுவராக அடுக்கினேன். சித்தேரி மலையில் அதற்கு முன் அப்படியொரு நேர்கோட்டை யாரும் பார்த்திருக்க முடியாது. நான் தள்ளி நின்று அதை ரசித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையம்மா வந்தாள். சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"கல்லு உங்கள என்னா பண்ணுச்சு சாமி?"

நான் கைப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

நான் அடிமுட்டாள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரிவை ஒட்டி மேலும் கீழுமாக உழவில்லை, குறுக்கேதான் உழுதேன். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரு சாண் ஆழத்துக்குச் சிவப்பு மண் புரண்டு கிடந்ததைப் பார்க்கையில் எனக்கே கண் கலங்கியது. வெள்ளையம்மா தன் விதைச் சாமையில் பாதியை அதில் விதைத்தாள். மறுபாதியைப் பாறைக்கு அந்தப் பக்கம், தாளுக்கு நடுவே கொத்திப் போட்டாள். நான் கொட்டகைக்குத் திரும்பி, நாளை முதல் நாம் பெரிய ஆட்கள் என்று கலப்பையிடம் சொன்னேன்.

ஆனி மாதம் ஒரு பிற்பகலில் மழை பிடித்தது. குடையை எடுத்துக்கொண்டு காட்டுக்கு ஓடினேன். முதல் கால் மணி நேரம் எனக்கு ஒரே ஆனந்தம். ஒவ்வொரு சாலும் வாய்க்கால் மாதிரி நிறைந்து நின்றது. ஒரு சொட்டும் வீணாகவில்லை, பாருங்கள் பாருங்கள் என்று சத்தம் போட்டேன். பார்க்க ஒருவரும் இல்லை.

பிறகு மேல் சால் வழிந்தது. ஓரிடத்தில் கரை ஒரு சாண் அகலத்துக்கு உடைந்து, அந்தத் தண்ணீர் அடுத்த சாலில் விழுந்தது. அது ஏற்கெனவே நிறைந்திருந்த சால். அதுவும் அதே இடத்தில் உடைந்தது. கையில் மண்வெட்டி இல்லை. குடையை உடைப்பில் குத்தி நிறுத்தினேன். குடை போய்விட்டது. அடுத்து நான் செய்ததை இலாகாவில் பத்து வருஷம் சொல்லிச் சிரித்தார்கள். சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். உடைப்பில் நானே உட்கார்ந்துவிட்டேன். முதுகால் தண்ணீரை மறித்துக்கொண்டு, கைகளை விரித்துக்கொண்டு, சர்க்கார் கோட்டோடு உட்கார்ந்திருந்தேன். கோட்டுப் பையில் கைப்புத்தகம் இருந்தது. அன்றைக்கு அதனால் ஆன ஒரே உபயோகம், என் எடையில் ஒரு கால் ராத்தல் கூடியதுதான்.

வெள்ளையம்மா தலையில் கோணிச்சாக்கோடு மேட்டில் வந்து நின்றாள்.

"எந்திரிங்க சாமி. நீங்க ஒரே ஆளு. தண்ணி நெறைய."

நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீரே எழுப்பியது. புரட்டிக் கொண்டுபோய் என் நேர்கோட்டுச் சுவரில் சாத்தியது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தபோது, நான் உழுத பாதி மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. பாறைக்கு அந்தப் பக்கத்துப் பாதியிலும் அதே மழைதான். அங்கே தண்ணீர் தாளில் தட்டி, கல்லில் சுற்றி, எங்கே போவது என்று ஒவ்வோர் இடத்திலும் யோசித்து யோசித்து இறங்கியது. என் பக்கத்தில் அதற்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

மழை விட்டதும் பார்த்தால், நான் உழுத பாதியில் அடிப்பாறை பல்லை இளித்துக்கொண்டிருந்தது. விதை ஒன்றுகூட இல்லை. மண்ணில் கொஞ்சம் என் சுவருக்குப் பின்னால் தேங்கியிருந்தது. மிச்சமெல்லாம் சுவரின் ஒரு மூலையை உடைத்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டது.

மூன்று நாள் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. மலைக்காய்ச்சல் வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஊரில் எல்லாருக்கும் வருகிற காய்ச்சல் எனக்கு மட்டும் வரவில்லை. யாராவது வந்து வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். பதிலுக்குச் சொல்ல நாலு சமாதானமும் தயார் செய்து, கலப்பையிடம் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. திட்டுவதற்குக்கூட ஆள் வராத இடத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தபோது, இந்தக் கோமாளிக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வேடிக்கையும் அகப்படவில்லை.

நாலாம் நாள் காலையில் காட்டுக்குப் போனேன். வெள்ளையம்மா சுவருக்குப் பின்னால் தேங்கிய மண்ணைக் கூடையில் வாரிச் சரிவின் மேலே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கு எத்தனை கூடை ஆகும், முழுக் காட்டுக்கும் எத்தனை நாள் ஆகும் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். போட்டதும் விட்டுவிட்டேன். பக்கத்தில் இன்னொரு கூடை கவிழ்ந்து கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஆடியும் ஆவணியும் அப்படிப் போயின. மண் ஏறியதும் கல்லையும் ஏற்றினோம். எந்தக் கல் எங்கே என்று அவள் முகவாயால் காட்டுவாள், நான் கொண்டுபோய் வைப்பேன். சரியில்லை என்றால் அவளே வந்து காலால் ஒரு தள்ளு தள்ளிச் சரிசெய்வாள். என் நேர்கோடு கல் கல்லாகக் கழன்று, மறுபடி கோணல் கோணலாகக் காடெல்லாம் பரவியது. பேச்சு அதிகம் இல்லை. அந்த இரண்டு மாதத்தில் அவள் என்னிடம் பேசியதெல்லாம் ஒரு தபால் கார்டில் அடங்கும். ஆனாலும் சாயங்காலம் கலப்பையிடம் சொல்ல எனக்கு ஏதாவது இருந்தது.

பாறைக்கு அந்தப் பக்கத்துச் சாமை நன்றாகவே வந்தது. ஆனால் அது பாதிதான். தை வரைக்கும் தாங்காது. இந்தப் பக்கத்துப் பாதியில் புரட்டாசியில் கொள்ளு போட்டு அது விளைந்தால்தான் அவள் மலையில் இருக்க முடியும்.

புரட்டாசி பிறந்ததும் மேலதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. சேதம் பற்றி நான் எழுதியதற்குப் பதில். போதிய ஆழம் உழாததே காரணம், உடனே மறுபடி ஆழ உழுது கொள்ளு விதைக்கவும், ஐப்பசியில் நேரில் வந்து பார்ப்பேன் என்று எழுதியிருந்தது. கடிதத்தை ஊர்க்கவுண்டருக்குப் படித்துக் காட்டியது என் முட்டாள்தனம். மறுநாள் காலையில் அவரே என் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து காட்டில் நின்றார்.

மேற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. விதைக்க வேண்டுமானால் அன்றைக்கே விதைக்க வேண்டும். நுகத்தடியில் மாட்டைப் பூட்டி, கலப்பையைச் சேர்த்து, கைப்பிடியைப் பிடித்தேன்.

"சர்க்கார் உத்தரவுங்க சாமி. என்னாத்துக்கு ரோசன? ஓட்டுங்க" என்றார் ஊர்க்கவுண்டர்.

வெள்ளையம்மா மடியில் ஒரு துணிப்பையோடு நின்றாள். தாய் வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கிவந்த விதைக்கொள்ளு. நான் அவளைப் பார்த்தேன்.

"எங்கையில இருக்கிறது இந்த ஒரு பைதான். இதுவும் ஓடையில போச்சுன்னா நான் கூடையத் தூக்கிக்கிட்டு கீழ எறங்க வேண்டியதுதான். ஓட்டுறதா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க."

என்னைக் கெஞ்சியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் இன்னும் சுலபம். முடிவை என் கையில் வைத்துவிட்டுச் சும்மா நின்றாள். முன்னால் உத்தரவு, பின்னால் மழை, பக்கத்தில் பங்காளி. தம்பிகளே, அந்த மாதிரி நேரத்தில் நம் கைக்கு எதையாவது செய்தால் தேவலை என்றிருக்கும். உழுதுவிட்டால் நான் செய்ய வேண்டியதைச் செய்தேன் என்று காட்ட ஒரு சால் இருக்கும். உழாமல் விட்டால் காட்ட ஒன்றுமே இருக்காது. கெட்டுப்போனால் பழி முழுவதும் நமக்கு. அதனால்தான் நம் இலாகாவில் உழுது கெடுத்தவர்கள் நிறைய உண்டு, உழாமல் கெடுத்தவர் என்று ஒருவர் பெயரும் கேள்விப்பட்டதில்லை.

நான் குனிந்து நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்தேன். வீரமாக அல்ல. அவசரத்தில் முடிச்சை இன்னும் இறுக்கிவிட்டதில், அவிழவே வெகுநேரம் ஆயிற்று.

"என்னாங்க சாமி?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"மாட்டுக்கு உடம்பு சரியில்லை."

"எந்த மாட்டுக்குங்க?"

"ரெண்டுக்கும்."

இரண்டும் அந்த நேரம் பார்த்து ஆனந்தமாக அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஊர்க்கவுண்டர் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இறங்கிப் போனார். வெள்ளையம்மா ஒரு கொத்தை என் பக்கம் போட்டாள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கீறிக் கீறிக் கொள்ளை ஊன்றினோம். நான் ஊன்றிய இடம் கோழி கிளறியது போல இருந்தது. கடைசி விதையை மூடும்போது தூறல் விழுந்தது. அந்த மழைக்கு நான் கொட்டகைக்குப் போகவில்லை. மேட்டில் நின்று பார்த்தேன். தண்ணீர் வந்தது, கல்லில் நின்றது, யோசித்தது, சுற்றிக்கொண்டு போனது. ஒரு கல்லும் அசையவில்லை.

ஐப்பசியில் மேலதிகாரி டோலியில் வந்தார். தூக்கிவந்தவர்களைவிட அவருக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது. காடு முழுக்கக் கொள்ளு படர்ந்து, கல் தெரியாமல் பச்சையாக மூடியிருந்தது. பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுதான்யா ஆழ உழவு. நான் எழுதினேனா இல்லையா?" என்றார்.

அவர் மேலே மேலே பேசிக்கொண்டே போனார். வருகிற கோடையில் பத்து இரும்புக் கலப்பை அனுப்புகிறாராம். மலையில் ஒரு சரிவு பாக்கியில்லாமல் உழுதுவிடலாமாம். பிறகு என் தோளைத் தட்டி, தனியாக இங்கே கிடந்து கஷ்டப்பட்டுவிட்டீர், கோயம்புத்தூருக்கே மாற்றல் எழுதிவிடுகிறேன், குடும்பம் அங்கேதானே என்றார்.

ஒரு செம்புத் தண்ணீரை மெதுவாகக் குடித்தேன். அவ்வளவு நேரமும் நான் கோயம்புத்தூரில் இருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகிறேன், பேசுகிறேன், பதில் வருகிறது. செம்பைக் கீழே வைத்துவிட்டு வெள்ளையம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. காட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இது உழாத காடு" என்றேன்.

"என்னய்யா உளறுகிறீர்?"

பயம் வந்தால் எனக்குப் பேச்சு வரும் என்றேன் அல்லவா? எல்லாம் வந்துவிட்டது. கல் பொறுக்கியது, சுவர் கட்டியது, உடைப்பில் உட்கார்ந்தது, மாட்டின் உடம்பு வரைக்கும். டோலி தூக்கிவந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மேலதிகாரி சிரிக்கவில்லை. ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பி உழுதாரா இல்லையா என்று கேட்டார். நமக்கு ஒன்றும் தெரியாதுங்க என்றார் அவர். நான் தனியாக நின்றேன். மலைக்கு வந்த நாளிலிருந்து தனியாகத்தான் நிற்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் சாய்ந்துகொள்ள ஏதாவது இருக்கிறதா என்று சுற்றிலும் தேடினேன்.

வெள்ளையம்மா மேட்டிலிருந்தபடியே கையை நீட்டிக் கீழே ஓடையைக் காட்டினாள். ஓடை திரும்பும் இடத்தில் புதிதாக ஒரு சிவப்பு மண்திட்டு.

"இவரு உழுதது அதோ அங்க கெடக்குதுங்க. இது நாங்க கொத்துனது."

மேலதிகாரி அந்தத் திட்டைப் பார்த்தார். ஒரு கல்லைப் புரட்டி அடியில் இருந்த ஈரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். கோட்டில் துடைத்துக்கொண்டு டோலியில் ஏறிவிட்டார். போகிறபோது மாட்டையும் கலப்பையையும் கூடவே கொண்டுபோகச் சொன்னார். இருந்த ஒரே பேச்சுத்துணையும் அப்படிப் போயிற்று.

அந்தப் பத்துக் கலப்பை வரவே இல்லை. மார்கழியில் எனக்கு மாற்றல் வந்தது. கோயம்புத்தூர் அல்ல, தொப்பூர்ப் பக்கம். அங்கேயும் தனி ஆள்தான். அதன்பிறகு சண்டைக் காலமெல்லாம் எத்தனையோ சரிவுகளுக்கு என்னை உழுது காட்ட அனுப்பினார்கள். முதலில் போய் அங்கே கிடக்கும் கல்லைப் பார்ப்பேன். பாதி இடங்களில் என் மாட்டுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. பதவி உயர்வு எனக்கு எட்டாமலே போனதற்கு அந்த மாடுகளும் ஒரு காரணம்.

மாற்றலாகிப் போன அன்று, டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வெள்ளையம்மா காட்டின் ஓரமாகத்தான் இறங்கினேன். வேறு வழியும் உண்டு, ஆனாலும் அந்த வழியாகப் போனேன். அவள் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றதும் எழுந்து, ஒரு கொள்ளுக் காயைப் பறித்துக் கட்டைவிரலால் பிதுக்கி உள்ளங்கையில் காட்டினாள். மணி திரண்டிருந்தது.

"இந்த வருசம் நான் எறங்கலீங்க சாமி" என்றாள்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். பத்தடி போனதும் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

"பாத்து, கல்லத் தள்ளிடாம போங்க."

பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். அப்படியும் ஒன்று புரண்டுவிட்டது. பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, அதை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்து, அவள் செய்வது போலக் காலால் ஒரு தள்ளு தள்ளினேன். திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து களை பிடுங்க ஆரம்பித்திருந்தாள்.

அந்த வருஷம் பிழைப்புக்காக அந்த மலையை விட்டுக் கீழே இறங்கியது நான் ஒருவன்தான்.